பம்ப்செட் பெட்டிக்குள் குட்டிக் கணினி… வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

வீட்டில் இருந்தபடியே செல்போன் மூலம் மோட்டாரை ஓட்டலாம். மண்ணில் ஈரம் குறைந்தால் சொட்டுநீர் வால்வு தானாகத் திறக்கும். இப்படிப்பட்ட கருவிகள் இப்போது சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. வாங்கும்போது பிரச்னை இல்லை. பழுதாகும்போதுதான் சிக்கல். ‘இந்த மாடல் இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால், போட்ட பணம் அத்தனையும் வீண். இந்த நிலையை மாற்றும் வாய்ப்புள்ள ஒரு தொழில்நுட்பம்தான் ‘ரிஸ்க்-ஃபைவ்’.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கருவிகளைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய பச்சை அட்டை இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மைக்ரோகன்ட்ரோலர் அட்டை. ஈரத்தை அளப்பது, வால்வைத் திறப்பது போன்ற ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். மிகக் குறைந்த மின்சாரம் போதும். இன்னொன்று, ஒற்றை அட்டைக் கணினி. உள்ளங்கை அளவு அட்டையிலேயே ஒரு முழுக் கணினி. கேமரா படத்தைப் பார்த்து ஆராய்வது, பல வயல்களின் கணக்கைச் சேமிப்பது போன்ற வேலைகளுக்கு ஏற்றது. ஆனால், சில வாட் மின்சாரம் தொடர்ந்து தேவைப்படும்.

கலப்பை மாட்டும் கணக்கு

இரண்டிலும் மூளையாக இருப்பது சிப். ஒவ்வொரு சிப்புக்கும் புரியும் கட்டளைகளின் தொகுப்பு ஒன்று உண்டு. இன்டெல், ஏ.எம்.டி கணினிகளின் கட்டளைத் தொகுப்பு அந்த நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செல்போன்களில் உள்ள ‘ஆர்ம்’ வகைக்கு, சிப் தயாரிப்பவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010-ல் உருவான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை, கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம்.

டிராக்டரின் பின்னால் உள்ள மூன்று புள்ளி இணைப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். அதன் அளவு பொதுவானது. அதனால்தான், குதிரைத்திறனுக்கு ஏற்றபடி எந்த கம்பெனி கொக்கிக் கலப்பையையும் எந்த கம்பெனி டிராக்டரிலும் மாட்ட முடிகிறது. அதுபோல, ஒரு கம்பெனி சிப்புக்கு எழுதிய புரோகிராமை, சில மாற்றங்களுடன் இன்னொரு கம்பெனி சிப்புக்கும் கொண்டுபோக வழி பிறக்கிறது.

சென்னையில் இருந்து ஒரு சிப்

இதில் நமக்கும் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யில் வடிவமைக்கப்பட்ட ‘சக்தி’ பிராசஸர்கள் இந்தக் கட்டமைப்பில் உருவானவைதான். திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் நிறுவனம் ‘வேகா’ பிராசஸர்களை உருவாக்கி, ‘ஏரிஸ்’ என்ற பெயரில் அட்டைகளையும் கொண்டுவந்திருக்கிறது. இந்த முயற்சிகளை ஊக்குவிக்க, மத்திய அரசு 2022-ல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ-2 என்ற விலை குறைந்த மைக்ரோகன்ட்ரோலர் அட்டையில் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டுமே இருக்கின்றன. ‘விஷன்ஃபைவ்-2’ போன்ற ஒற்றை அட்டைக் கணினிகளும் விற்பனைக்கு வந்துள்ளன.

சிப் திறந்தால் போதுமா?

போதாது. கட்டளைத் தொகுப்பு பொதுவானது என்பதற்காக, அதை வைத்துச் செய்த பெட்டியும் பொதுவானது ஆகிவிடாது. உள்ளே இருக்கும் புரோகிராமை கம்பெனி பூட்டி வைக்கலாம். கம்பெனியின் சர்வர் நின்றால் கருவியும் நிற்கலாம். விலை கட்டாயம் குறையும் என்றும் சொல்ல முடியாது. ஒற்றை அட்டைக் கணினிகளில், ஆர்ம் வகைக்கு இருக்கும் அளவுக்கு ரிஸ்க்-ஃபைவ் வகைக்கு மென்பொருள் இன்னும் வரவில்லை. பலரும் பயன்படுத்தும் டெபியன் என்ற இலவச இயங்குதளம்கூட, 2025 ஆகஸ்ட்டில் வெளியான 13-வது பதிப்பில்தான் இதை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இன்டர்நெட் இல்லாவிட்டாலும், கம்பெனியின் சர்வர் நின்றாலும் கருவி வேலை செய்யுமா?

2. சென்சார், ரிலே, பேட்டரி ஆகியவை வெளிக்கடையில் கிடைக்குமா? தனியாகக் கழற்றி மாட்ட முடியுமா?

3. புரோகிராமும் சர்க்யூட் படமும் கிடைக்குமா? கிடைத்தால், கம்பெனி மூடினாலும் விவரம் தெரிந்த வேறொருவர் பழுது பார்க்கலாம்.

4. திடீரென கரன்ட் போனால் என்ன ஆகும்? மெமரி கார்டில் இயங்கும் ஒற்றை அட்டைக் கணினிகளில், அடிக்கடி கரன்ட் போய் வந்தால் கார்டில் உள்ள பதிவுகள் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பேட்டரி துணை அவசியம்.

5. கருவி நின்றுபோனால், பழையபடி கையால் மோட்டாரைப் போட சுவிட்ச் இருக்கிறதா?

எச்சரிக்கை

இந்த அட்டைகளின் இணைப்புக் கம்பிகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. மோட்டார் ஸ்டார்ட்டருடன் நேரடியாக இணைக்கவே கூடாது. ரிலே, கான்டாக்டர் வழியாக, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இணைக்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனாலும், தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் மோட்டாரை நிறுத்தும் பழைய பாதுகாப்புக் கருவிகளை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. எறும்பும் பல்லியும் நுழையாத, மழைநீர் புகாத பெட்டிக்குள் அட்டை இருக்க வேண்டும்.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் எடுத்த எடுப்பில் தோட்டம் முழுக்க மாட்டத் தேவையில்லை. ஒரே ஒரு வால்வு, ஒரே ஓர் ஈர சென்சார் என்று தொடங்கி, ஒரு பயிர்க் காலம் ஓட்டிப் பார்க்கலாம். சென்சார் காட்டும் அளவை, மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தும் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், அடுத்த வால்வுக்குப் பணம் போடலாம்.