நுங்கம்பாக்கத்தில் 2 விடியல் மட்டும் தெரிந்த வால்நட்சத்திரம்: எங்கே போனதென்று இன்றுவரை ஏன் கணக்குப் போட முடியவில்லை?

சோழவரம் ஏரிக்கரையில் விடியற்காலை 5 மணிக்கு நின்று தென்கிழக்கே பார்த்தால் என்ன தெரியும்? மணலி பக்கத்து ஆலை வெளிச்சம், அதற்குப் பின்னால் சென்னையின் மஞ்சள் மூட்டம். நட்சத்திரம் தேடித்தான் பார்க்கணும். ஆனால் 1872 டிசம்பரில், இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நுங்கம்பாக்கத்தில், இதே தென்கிழக்கு வானத்தை ஒருவர் மூன்று விடியலாகக் காத்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் நார்மன் போக்சன். சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைமை வானியலாளர்.

அவர் தேடியது காணாமல் போன ஒரு வால்நட்சத்திரத்தை.

எது காணாமல் போனது?

பயேலா வால்நட்சத்திரம். சுமார் 6.6 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வரும் என்று 1826-இல் கணக்கிடப்பட்டது. சொன்ன மாதிரி வந்துகொண்டும் இருந்தது. 1846-இல் வந்தபோது மட்டும் எல்லோரும் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது! 1852-இல் இரண்டு துண்டுகளும் தள்ளித் தள்ளி வந்தன. அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. மணிக்கு ஆயிரக்கணக்கில். பயேலாவின் பாதையைப் பூமி கடந்த நேரம் அது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் ஒரு கணக்குப் போட்டார். எரிகற்கள் ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து வந்தன. அப்படியென்றால் பூமியை உரசிப் போன வால்நட்சத்திரம் நேர் எதிர்ப்பக்கம்தான் போயிருக்கணும். எதிர்ப்பக்கம் என்பது தெற்கு வானில் சென்டாரஸ் கூட்டம். அது ஜெர்மனியில் தொடுவானத்தை ஒட்டியே நின்றுவிடும், பார்க்க முடியாது. 13 டிகிரி வடக்கில் இருக்கும் சென்னையில் நன்றாக மேலே ஏறும். உடனே போக்சனுக்குத் தந்தி பறந்தது: பயேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி நட்சத்திரத்துக்கு அருகில் தேடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வந்த தந்தி!

முதல் இரண்டு விடியலும் மேகம், மழை. மூன்றாவது விடியலில், வெளுக்கும் நேரத்தில், மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் நீல வானம் திறந்தது. வட்டமான, பிரகாசமான ஒன்று தெரிந்தது. வால் இல்லை. அடுத்த விடியலில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, இப்போது மங்கலான சின்ன வாலும் இருந்தது. நீளம் முழு நிலவின் அகலத்தில் கால்வாசி இருக்கும். அதற்கு மறுநாள் திரும்பவும் மழை. அவ்ளோதான், அதன்பின் அதை யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் இருப்பது டிசம்பர் 2, 3 என இரண்டே நாள்.

வால்நட்சத்திரம் என்று எப்படித் தெரிந்தது?

தொலைநோக்கியில் மங்கலாகத் தெரியும் எதுவும் வால்நட்சத்திரம் ஆகிவிடாது. தூரத்து நட்சத்திரக் கூட்டமாகக்கூட இருக்கலாம். நகர்கிறதா என்பதுதான் முதல் சோதனை. போக்சன் பக்கத்தில் இருந்த ஒரு நட்சத்திரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நாலு முறை அளந்தார். சில நிமிடங்களிலேயே இடம் மாறியிருந்தது.

இன்றைக்கும் முறை இதேதான், கருவிதான் வேறு. கேமராவில் படம் எடுத்து, படத்தில் உள்ள நட்சத்திரங்களின் துல்லியமான இடங்களை கயா விண்கலத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, வால்நட்சத்திரத்தின் இடத்தை எடுக்கிறார்கள். பூமியில் ஓர் ஊரை அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களால் சொல்கிறோம் இல்லையா, வானத்திலும் அப்படி இரண்டு எண்கள்.

3-வது நாள் ஏன் அவ்வளவு முக்கியம்?

விஷயமே இங்கேதான் இருக்கு. ஒரு சுற்றுப்பாதையைச் சொல்ல மொத்தம் 6 எண்கள் வேணும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சூரியனுக்கு மிக அருகில் எப்போது வரும் என்பதெல்லாம் இந்த ஆறுக்குள் அடக்கம். ஒருமுறை இடத்தை அளந்தால் கிடைப்பது 2 எண்கள். அப்படியானால் குறைந்தது 3 நாள் பார்க்கணும். போக்சனிடம் இருந்தது 2 நாள், அதாவது 4 எண்கள். பாதை இன்ன வடிவம்தான் என்று ஒரு எண்ணை நாமே ஊகித்துக்கொண்டாலும் 5 வேணும். அதுவும் கையில் இல்லை.

அது பயேலாதானா? பயேலாவின் பாதை ஏற்கெனவே தெரியும் என்பதால் இதை மட்டும் சரிபார்க்க முடிந்தது. பயேலா அந்த இடத்தை வாரக்கணக்கில் முன்பே தாண்டியிருக்க வேண்டும் என்று பிறகு தெரியவந்தது. ஆக, பயேலாவைத் தேடப் போய் போக்சன் பார்த்தது முன்பின் தெரியாத வேறொரு வால்நட்சத்திரம். சும்மா சொல்லக் கூடாது, தப்பான முகவரிக்குப் போய் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிய கதைதான்!

போக்சனின் பெயர் எதற்காக நிலைத்தது?

வெளிச்சத்தை அளந்ததற்காக. இந்த நட்சத்திரம் 2-ஆம் அளவு, அது 6-ஆம் அளவு என்று பழங்காலத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. ஆனால் எவ்வளவு குறைவு என்பதற்குத் திட்டமான விதி இல்லை. சென்னைக்கு வருவதற்கு முன், 1856-இல், போக்சன் ஒரு கணக்கு வைத்தார்: 5 படி இறங்கினால் வெளிச்சம் சரியாக 100-இல் ஒரு பங்கு. ஒரு படிக்கு சுமார் 2.512 மடங்கு. உலகம் முழுக்க இன்றும் இதே அளவுகோல்தான். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் வெளிச்சம் மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் சென்னையிலிருந்தே கண்டுபிடித்தவர். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதணும்.

வால்நட்சத்திரத்தின் வெளிச்சத்தை முன்கூட்டிச் சொல்வது மட்டும் எப்போதும் வம்புதான். பூமிக்கான தூரம் பாதியானால் 4 மடங்கு கூடும், இது சுலபம். சூரியனுக்கான தூரம் பாதியானால், பனி ஆவியாகி வாயுவும் தூசியும் பெருகுவதால், பொதுவாக 16 மடங்கு வரை கூடும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் வால்நட்சத்திரம் கணக்கு நோட்டைப் படித்துவிட்டா வரும்? சுமார் 7 ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஹோம்ஸ் வால்நட்சத்திரம் 2007 அக்டோபரில் ஓரிரு நாளில் 17-ஆம் அளவிலிருந்து 3-க்குத் தாவியது. பல லட்சம் மடங்கு! பெரிய தொலைநோக்கிக்கே மங்கலாக இருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

பாதையும் ஒருமுறை போட்டால் முடிந்துவிடாது. வியாழன் அருகே போனால் இழுத்துத் திருப்பிவிடும். வெளியே பீறிடும் வாயு சின்ன ராக்கெட் மாதிரி தள்ளிவிடும். என்கே வால்நட்சத்திரம் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு முறையும் கணக்கைவிட சுமார் இரண்டரை மணி நேரம் முந்தி வந்ததற்குக் காரணம் இந்தத் தள்ளல்தான். அதனால்தான் ஒவ்வொரு வருகையிலும் புதிதாக அளந்து கணக்கைத் திருத்துகிறார்கள்.

சோழவரத்திலிருந்து முடியுமா?

இடத்தைத் துல்லியமாக அளக்கத் தொலைநோக்கியும் கேமராவும் வேணும். வெளிச்சத்தை அளக்க ஒரு பைனாகுலர் போதும். வால்நட்சத்திரம் எவ்வளவு பெரிய மங்கல் வட்டமாகத் தெரிகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பைனாகுலரின் ஃபோகஸைக் கலைத்து, பக்கத்து நட்சத்திரங்களையும் அதே அளவு வட்டமாக ஆக்குங்கள். எந்த நட்சத்திரம் அதே வெளிச்சத்தில் இருக்கிறதோ, அதன் எண்தான் விடை. நேரத்தையும் ஒப்பிட்ட நட்சத்திரத்தின் பெயரையும் குறித்து வைக்கணும். ஆலை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, வடமேற்கு வானில் வருகிற வால்நட்சத்திரம் என்றால் இன்னும் வசதி.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியில் நுங்கம்பாக்கம் இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்கிறோமே, அந்த மழையை அளக்கும் வானிலை மைய வளாகம்தான் போக்சன் நின்ற இடம். 1792-இல் நிறுத்திய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு எழுத்துகளோடு இப்பவும் அங்கே இருக்கிறது. அவர் பார்த்த வால்நட்சத்திரத்துக்குப் பட்டியலில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்று பெயர். முதலில் உள்ள எக்ஸ், பாதையைக் கணக்கிட முடியாதது என்பதற்கான அடையாளம். பயேலாவின் பெயர் 3டி. அந்த டி, தொலைந்துபோனது என்பதற்கு.