கோடிட்ட இடத்தில் கோட்டை விடாதீங்க! குரூப்-4 தமிழில் ஒரு சொல்லுக்கு ஒன்றரை மார்க்

கடலூர்,

கூரையைக் கட்டினார்களா, போட்டார்களா, வேய்ந்தார்களா? டீக்கடை பெஞ்சில் கேட்டால் மூன்றும் சரி என்பார்கள். பரீட்சை ஹாலில் கேட்டால் ஒன்றுதான் சரி. அதை விட்டால் ஒன்றரை மார்க் போச்சு.

கடலூர், சிதம்பரம் பகுதியில் ஜவுளிக்கடை, ஓட்டல், சிப்காட் கம்பெனி, மீன்பிடித் துறைமுகம் என்று வேலைக்குப் போய்க்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏராளம். கணக்குக்கும், பொது அறிவுக்கும் ராத்திரி கண் விழிக்கிறார்கள். தமிழ் நம்ம மொழிதானே, பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். கடைசியில் பலர் கையைப் பிசைவது அந்தத் தமிழில்தான்.

60 மார்க் எடுக்காவிட்டால் அவுட்

டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வு 10-ம் வகுப்பு தரத்தில் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என பல பதவிகளுக்கு இந்த ஒரே தேர்வுதான். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம்.

இதில் 100 கேள்வி தமிழ். அதற்கு 150 மார்க். 2021 டிசம்பரில் தமிழக அரசு போட்ட உத்தரவுப்படி, இந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மார்க் எடுத்தே ஆகணும். எடுக்காவிட்டால் மீதி 100 கேள்விக்கு எழுதிய விடையைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் புலியாக இருந்தாலும் அவ்வளவுதான்.

2025 ஜூலை 12-ந் தேதி நடந்த குரூப்-4 தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். அறிவிப்பு வெளியானபோது சொல்லப்பட்ட காலி இடம் 3,935. ஒரு இடத்துக்கு 300 பேருக்கு மேல் மோதல். அந்தத் தேர்வில் தமிழ்ப் பகுதி ரொம்பக் கஷ்டமாக இருந்ததாகத் தேர்வு எழுதியவர்கள் புலம்பியதும் நடந்தது.

சொல்லில்தான் மார்க் இருக்கு

அந்தத் தேர்வுக்கான பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சொல்லகராதிக்கு 15 கேள்வி. எழுதும் திறனுக்கு 15 கேள்வி. படித்துப் புரிந்துகொள்வதற்கு 15 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் இந்த மூன்றும் சேர்ந்தால் 67.5 மார்க். தேவைப்படுவதோ 60.

இந்த மூன்று பகுதிக்கும் நூல் ஆசிரியர் பெயரையோ, ஆண்டையோ மனப்பாடம் செய்யும் வேலை குறைவு. ஒரு சொல் எந்த இடத்தில், எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று தெரிந்தால் போதும். அங்கேதான் கோடிட்ட இடம் வந்து நிற்கிறது.

தனியாகப் படித்தால் நிற்காது

பலரும் செய்யும் தப்பு, நோட்டில் கோடு போட்டு இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் பொருள் என்று எழுதி நெட்டுருப் போடுவது. அலை, அளை, அழை என்று மூன்றையும் சேர்த்துப் படித்தால் பரீட்சையில் மூன்றும் கலங்கிப் போகும்.

அதையே வாக்கியத்தில் வைத்தால் கதை வேறு. "தேவனாம்பட்டினத்தில் அலை சீறியது." "மீனவர்களைக் கரைக்கு அழைத்தனர்." "நண்டு அளைக்குள் ஒளிந்தது." அளை என்றால் வளை, பொந்து. கடலோரத்து ஆட்களுக்கு இது ஒரு தடவை படித்தாலே மறக்காது. கண்ணில் பார்த்த காட்சியோடு சொல் ஒட்டிக்கொள்கிறது.

விலை, விளை, விழை என்பதும் அப்படித்தான். "பண்ருட்டி பலாவுக்கு நல்ல விலை." "வீராணம் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் விளைந்தது." "அரசு வேலையில் சேர விழைகிறான்." விழை என்றால் விரும்பு.

குறிப்புச் சொல்லைப் பிடிங்க

கோடிட்ட இடம் என்பது பூட்டு மாதிரி. சாவி அதே வாக்கியத்தில்தான் கிடக்கும். இந்த இரண்டையும் பாருங்க.

"இரவு முழுவதும் மழை கொட்டியது, ______ பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது."

"இரவு முழுவதும் மழை கொட்டியது, ______ பஸ்கள் வழக்கம்போல் ஓடின."

முதல் பாதி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதலில் மழைக்குத் தகுந்த விளைவு வருகிறது. அதனால் 'ஆகையால்' என்பது விடை. இரண்டாவதில் எதிர்பார்த்ததற்கு மாறாக நடக்கிறது. அங்கே 'இருப்பினும்' வரும். முதல் பாதியை மட்டும் படித்து அவசரமாக விடையைக் கருப்பாக்கினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோட்டுக்குப் பின்னால் வருவதையும் முழுசாகப் படிக்கணும்.

பேச்சு வழக்கு காலை வாரும்

நம்ம ஊர்ப் பேச்சில் "மாடுங்க மேயுது" என்போம். தேர்வில் "மாடுகள் வயலில் ______" என்று வந்தால் 'மேய்ந்தது' தப்பு, 'மேய்ந்தன' சரி. வீட்டுப் பேச்சில் ஒருமை, பன்மை வித்தியாசம் பார்ப்பதில்லை. காதுக்குச் சரியாகப் பட்டதை நம்பி விடை போட்டால் இந்த இடத்தில் சறுக்கும்.

மரபுச் சொல்லும் அப்படியே. 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூரைப் புரட்டிப் போட்ட தானே புயலை இங்கே யாரும் மறக்க முடியாது. "புயலில் பறந்த கூரையை மீண்டும் ______" என்று கேள்வி வந்தால் 'வேய்ந்தனர்' என்பதே விடை. பானையை வனைவார்கள், கூடையை முடைவார்கள், சுவரை எழுப்புவார்கள். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும். பேச்சில் எல்லாமே 'செஞ்சாங்க', 'கத்துச்சு' என்று முடிந்துவிடும். பரீட்சையில் முடியாது.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தாலும் பக்கத்துச் சொல்தான் வழி காட்டும். "கெடிலம் ஆற்றில் வெள்ளம்" என்றால் ஆறு என்பது நதி. "ஆறு பேர் வந்தனர்" என்றால் எண்ணிக்கை. "மாலையில் வந்தார்" வேறு, "மாலையுடன் வந்தார்" வேறு.

பத்திரிகைக்காக வந்த பரீட்சை

கோடிட்ட இடத்தை நிரப்பும் முறைக்கும் பத்திரிகைக்கும் தொடர்பு உண்டு. 1953-ல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர், ஒரு கட்டுரை வாசகருக்கு எந்த அளவு புரிகிறது என்று அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இத்தனை சொல்லுக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, கட்டுரையில் சொற்களை எடுத்துவிட்டு, வாசகரையே நிரப்பச் சொன்னார். சரியாக நிரப்பினால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பெயர் 'குளோஸ் டெஸ்ட்'. வங்கித் தேர்வுகளில் ஆங்கிலப் பகுதியில் பயமுறுத்தும் அதே 'குளோஸ் டெஸ்ட்'தான்.

இதை வீட்டில் செய்ய காசு செலவே இல்லை. பழைய பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து, ஏழு சொல்லுக்கு ஒன்றைத் தம்பியோ, தங்கச்சியோ பேனாவால் அடிக்கட்டும். அந்தச் சொற்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். நீங்க நிரப்பிவிட்டு ஒத்துப் பாருங்க. தப்பான சொல்லை மட்டும், முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்க. அடுத்த நாள் அந்தச் சொல்லை வைத்து உங்க வேலை, உங்க தெரு, உங்க வீடு பற்றிச் சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதுங்க. கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து போகும் நேரமே இதற்குப் போதும்.

5-ம் வகுப்பும் ஞானபீடமும்

படிப்பு கம்மி, நமக்குத் தமிழ் வராது என்று நினைப்பவர்கள் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் பள்ளிக்கூடத்தில் படித்தது 5-ம் வகுப்பு வரைதான். சென்னைக்குப் போய் கம்யூனிஸ்டு கட்சி அலுவலகத்தில் தங்கி, அச்சகத்தில் வேலை பார்த்து, பத்திரிகை விற்று வளர்ந்தவர். அவருக்குத்தான் 2002-ம் ஆண்டுக்கான ஞானபீட விருது கிடைத்தது. வகுப்பறையில் கிடைக்காத சொல்லை அச்சான தாளிலும், மனிதர்கள் பேச்சிலும் பிடித்துக்கொண்டார்.

ஹாலில் என்ன செய்யணும்?

வாக்கியத்தை முதலில் முழுசாகப் படியுங்க. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே என்ன சொல் வரும் என்று மனசில் ஒன்றை நினைங்க. பிறகு விடைகளைப் பாருங்க. ஒட்டாததைத் தள்ளுங்க. மிச்சம் இருப்பதைக் கோட்டில் வைத்து மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பாருங்க.

தப்பான விடைக்கு இந்தத் தேர்வில் மார்க் கழிப்பது இல்லை. ஏ, பி, சி, டி-யோடு, 'விடை தெரியவில்லை' என்பதற்கு இ என்ற வட்டமும் உண்டு. நான்கில் இரண்டைத் தள்ளிவிட்டவர்கள் அந்த இ வட்டத்துக்கு ஓட வேண்டாம். மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு கையில் இருக்கு.

காசு இல்லாமல் படிக்கலாம்

6 முதல் 10-ம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் மொழிப் பயிற்சியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். கோடிட்ட இடங்கள் அங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன. பழைய கேள்வித்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடத்தப்படுகிறது. எப்போது வகுப்பு என்று நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தினம் ஐந்து சொல், ஐந்து வாக்கியம். மூன்று மாதத்தில் 450 சொல் கைவசம் ஆகிவிடும். இந்தச் செய்தியைப் படித்து முடித்ததும் முதல் பயிற்சியை ஆரம்பிக்கலாம். மேலே உள்ள 'விழை' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க.