பறவைக் குரலில் இல்லை இயற்கை

பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியான ‘பாஸ்டரல்’ பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் பறவைகளிடம் போய் நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் குக்கூவாகவும் குரல் கொடுக்கின்றன. பறவைகளின் பெயர்களை இசைக்குறிப்பிலேயே அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சில விநாடிகளை வெட்டி எறிந்தாலும் சிம்பொனியில் வயல்வெளி குறையாது என்பது என் கட்சி. இயற்கை அங்கே காலம் நகரும் விதத்தில்தான் இருக்கிறது. முதல் பகுதியின் நடுப்பாகத்தைக் கேளுங்கள். வழக்கமாக மோதலும் பதற்றமும் முற்றும் இடம் அது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் இதனுடன் ஒரே நிகழ்ச்சியில் அரங்கேறிய ஐந்தாவது சிம்பொனி, அந்த இடத்தில் நம்மை மூச்சுவிட விடாது. இங்கோ ஏறத்தாழ ஒரு விநாடி நீளமுள்ள ஒரு ஸ்வரத் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது; அடியில் கார்ட் வெகுநேரம் அசைவதே இல்லை. வாத்தியங்கள் சேர்கின்றன, ஒலி பெருகுகிறது, பிறகு சட்டென்று வேறொரு சுருதிக்குத் தாவி மறுபடியும் அதே துணுக்கு. காற்றடிக்கும் கோதுமை வயலில் கதிர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தும் வயல் ஒரு கணம்கூட ஒன்றுபோல் இருப்பதில்லையே, அப்படி.

நான்காம் பகுதியான புயல் அப்பட்டமான நகல்தானே என்று கேட்கலாம். நகல்தான். செல்லோக்கள் ஐந்தைந்தாகவும் டபுள்பேஸ்கள் நான்குநான்காகவும் ஸ்வரங்களை ஓட்டுவதால், ஸ்வரம் பிடிபடாத உறுமல் ஒன்று கீழே உருள்கிறது. ஆனால் அந்த இடி நம்மை உலுக்குவதற்குக் காரணம் வேறு: முதல் மூன்று பகுதிகளிலும் டிம்பனி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. பீத்தோவனுக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே க்னெஷ்ட் என்ற ஜெர்மானியர் மேய்ப்பர், புயல், நன்றிப்பாடல் என்று இதே கதையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருந்தார். அதை இன்று அபூர்வமாகத்தான் வாசிக்கிறார்கள். கதை மட்டும் போதவில்லை. பீத்தோவனின் பறவைகளைக் கேலி செய்த டெபுஸியும் 1905இல் தந்த ‘லா மெர்’ (கடல்) படைப்பில் அலையோசையை நகலெடுக்கப் பெரிதாக மெனக்கெடவில்லை. மெட்டுகள் முழுதாய்த் திரள்வதற்குள் கலைந்துவிடும்படி செய்தார்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தலைப்பை அழித்துவிட்டால் இது கிராமப்புறம் என்று யாருக்குத் தெரியும்? தெரியாதுதான். எந்த இடம் என்பதைச் சொல்லச் சொல் வேண்டும். ஆனால் அந்த இடத்தின் இயல்பைச் சொல்லே தந்துவிடுவதில்லை. ஷூபர்ட் 1823இல் இயற்றிய மில்காரன் பாடல் தொடரின் இரண்டாவது பாட்டில் அது ஓடை என்பதைக் கவிதை சொல்லிவிடுகிறது. பாடுபவன் எங்கே போவது என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவனுடைய தயக்கத்துக்காகப் பியானோவின் ஓட்டம் ஓரிடத்திலும் நிற்பதில்லை. மனிதனைப் பொருட்படுத்தாத அந்த ஓட்டம் முழுக்க ஷூபர்ட்டின் கைவேலை.