கொல்லைப்புறத்து வஸந்தம்

வடக்கேயிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் பங்குனி மாதத்து நடுப்பகலில் மயிலாப்பூர் மாட வீதியில் நம்முடன் நடந்து வந்தார். கைக்குட்டையினால் கழுத்தைத் துடைத்துக் கொண்டே, "உங்கள் ஊரில் வஸந்த ருது என்று ஒன்று உண்டா? அல்லது கோடை, கடுங்கோடை என்ற இரண்டு மட்டுந்தானா?" என்று கேட்டார்.

கேள்வியில் கொஞ்சம் விஷமம் இருந்தது. நாம் பதில் சொல்லவில்லை. பக்கத்துச் சந்திலே நமக்குத் தெரிந்தவர்களின் பழைய வீடு ஒன்று இருக்கிறது. அங்கே அவரை அழைத்துச் சென்று, கூடத்தைத் தாண்டி, கொல்லைக் கதவைத் திறந்து விட்டோம். கிணற்றடியில் வேப்பமரம் பூத்து நின்றது. தரையெல்லாம் அரிசி நொய்யைத் தூவினாற்போல் வெள்ளைப் பூ. காற்றிலே தேனும் கசப்பும் கலந்த ஒரு வாசனை. நண்பர் ஐந்து நிமிஷம் வாய் திறக்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

சித்திரையையும் வைகாசியையும் நம் முன்னோர்கள் இளவேனில் என்று அழைத்தார்கள். வேனில் என்ற சொல்லிலேயே வெப்பம் இருக்கிறது. அதற்கு முன்னால் 'இள' என்று சேர்த்தது அவர்கள் நமக்குச் செய்த சலுகை. பனி உருகி, மண் நனைந்து, மரம் பூக்கும் வஸந்தம் குளிர் தேசத்து வஸந்தம். நம் ஊரில் நடப்பது நேர்மாறான காரியம். சென்னைக்கு வருஷத்தில் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்து விடுகிறது. தை பிறந்ததும் வானம் கையை விரித்து விடும். மரங்கள் என்ன செய்யும்? இலை இருந்தால் நீர் ஆவியாகிப் போகும் என்று மாசியிலே இலையை உதிர்த்து விடுகின்றன. பிறகு, வேர் ஆழத்திலே தேடிப் பிடித்திருக்கும் ஈரத்தை வைத்துக் கொண்டு பூக்கத் தொடங்குகின்றன. தெருவிலே தார் உருகுகிறதே என்று நாம் அலுத்துக் கொள்ளும் நாட்கள் அவற்றுக்குக் கல்யாண நாட்கள்.

கல்யாண ஊர்வலத்தில் முதலில் வருவது புங்கமரம். மாசியில் சில நாள் மொட்டையாக நிற்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் இளந்தளிர் மரம் முழுவதும் துளிர்த்திருக்கும். வெயிலைத் தாங்கும் நிழலுக்குப் புங்கத்தை மிஞ்சிய மரம் இல்லை என்பது நம் அபிப்பிராயம். அதன் பூ சிறியது; வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்தது. மரத்தில் இருக்கும்போது அதைக் கவனிப்பார் இல்லை. உதிர்ந்து தரையை மூடிய பிறகுதான் அதற்கு மதிப்பு. குறுந்தொகையில் 53-வது பாட்டில், மணலில் உதிர்ந்து கிடக்கும் புங்கம்பூவுக்கு, வெறியாடும் களத்தில் சிதறிய நெற்பொரி உவமையாக வருகிறது. அந்தப் புலவர் மரத்தை அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்தாரே, அங்கேதான் இருக்கிறது ரஸனை!

வேம்பு பங்குனியிலே பூக்கும். இந்த மரத்தின் பூவைக் கண்ணால் அனுபவிப்பதைவிட நாக்கினால் அனுபவிப்பதே நம் வீடுகளின் வழக்கம். இரவு படுக்கப் போவதற்கு முன் பழைய வேஷ்டி ஒன்றை மரத்தடியில் விரித்து, நாலு மூலையிலும் கல்லை வைத்து விட வேண்டும். விடிந்ததும் வேஷ்டியைச் சுருட்டினால் பூ சேர்ந்திருக்கும். காம்பும் சருகும் போகப் புடைத்து, வெயிலில் காய வைத்து, டப்பாவில் போட்டுக் கொண்டால் வருஷம் முழுவதும் ரஸத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மட்டும் புதுப் பூவாக இருக்க வேண்டும். கடையிலே பொட்டலமாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது ஒன்றுதான்: பொட்டலத்துக்குள் அந்த விடியற்காலையைக் கட்டித் தர முடியாது.

சித்திரையின் ராஜா சரக்கொன்றை. இலையெல்லாம் விட்டு, கிளைக்குக் கிளை ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் சரமாகத் தொங்க விடும்போது அந்த மரத்தடியில் நிற்பவர்களின் முகங்கூட மஞ்சளாகத் தெரியும். மலையாளத்தார் விஷுக் கனியில் வைப்பது இந்தப் பூவைத்தான். சயாம் தேசமாகிய தாய்லாந்து 2001-ம் வருஷம் இதையே தன் தேசிய மலராக ஏற்றுக் கொண்டது. நம் சிவபெருமானோ எந்தத் தீர்மானத்துக்கும் காத்திராமல் எப்போதோ சடையில் சூடிக் கொண்டு விட்டார்.

ஆனால் கொன்றையின் மேல் சங்க காலத்திலேயே ஒரு புகார் உண்டு. பழைய பாட்டுக்களில் கொன்றை கார்காலத்துப் பூ. 'கார் வந்தால் திரும்புவேன்' என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்து விட்டது, தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி, 'இந்தக் கொன்றை அறிவில்லாதது. பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்து விட்டது' என்று தேற்றுகிறாள். குறுந்தொகை 66-ல் இருக்கும் காட்சி இது. இன்று சென்னையில் சித்திரை வெயிலில் பூத்துக் குலுங்கும் கொன்றையை அந்தத் தோழி பார்த்தால் என்ன சொல்லுவாளோ! சில மரங்கள் மழைக்காலத்திலும் இரண்டொரு சரம் விடுகின்றன. அவை தோழியின் மானத்தைக் காப்பாற்றுகின்றன என்று வைத்துக் கொள்வோம்.

மன்மதனுடைய ஐந்து பாணங்களில் அசோகமலரும் ஒன்று அல்லவா? நம் வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாற்றுப் பண்ணையில் 'அசோக மரம்' என்று கேட்டு ஆறு கன்று வாங்கி வந்தோம். மதிலோரம் வரிசையாக நட்டோம். அவை ஊசி மாதிரி மேலே மேலே போயின. சிவப்புப் பூவுக்காக எட்டு வருஷம் காத்திருந்தோம். ஒன்பதாவது வருஷம் பூத்தது. இலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடி தேவையாயிற்று. பச்சையாய், நக்ஷத்திர வடிவாய், தோற்றத்தில் பூ என்று சொல்ல வெட்கப்படும்படியான பூ. நெட்டிலிங்கம்! சென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அசோகம் என்ற பெயரோடு நிற்பது இந்த மரந்தான் என்று நாம் சொன்னால் அது கணக்கல்ல, மனவருத்தம். பெண்களின் பாதம் பட்டால் அசோகம் பூக்கும் என்று வடமொழிக் கவிகள் சொல்லுவார்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் முறை போட்டு உதைத்திருந்தாலும் நெட்டிலிங்கம் சிவந்திராது. ஒன்று சொல்ல வேண்டும்: அதன் பழத்துக்குக் குயில் வருகிறது. ஆகையால் மன்னித்து விட்டோம்.

மெய்யான அசோகம் அடக்கமான மரம். மாசி பங்குனியில் கிளையிலும் அடிமரத்திலுமே கொத்துக் கொத்தாகப் பூக்கும். முதலில் ஆரஞ்சு மஞ்சள், பிறகு சிவப்பு. அதற்குக் கொஞ்சம் நிழலும் ஈரமும் வேண்டும். கிணற்றடி, பாத்திரம் தேய்க்கும் இடத்தின் பக்கம் அதற்கு ஏற்றது.

கிரவுண்டுக் கணக்கில் நிலம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். குண்டுமல்லி தொட்டியிலும் வளரும். ஆனால் அதற்கு ஒரு ரகசியம் உண்டு. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அடையாற்றில் வசிக்கும் ஒரு மாமி. கார்த்திகையில் தண்ணீரைக் குறைத்து, இலையை உருவி, செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு இரக்கமில்லாமல் வெட்டி விட வேண்டும். பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்தால் பங்குனியில் மொட்டு முட்டிக் கொண்டு வரும். "செல்லம் கொடுத்தால் செடி இலையாகத்தான் வளர்க்கும். கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூவைப் பற்றி யோசிக்கும்" என்பது மாமியின் சித்தாந்தம். காகிதப்பூவுக்கும் இதே விதிதான். தினமும் குடம் குடமாய் ஊற்றிவிட்டு, "பூக்கவே மாட்டேன் என்கிறதே" என்று குறைப்படுகிறவர்கள் அநேகம்.

மயிலாப்பூர்க்காரர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், 'புன்னை எங்கே?' என்று இப்போது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். கபாலீசுவரர் கோயிலின் தல விருக்ஷம் அது. அம்பிகை மயிலாக வந்து பூசித்தது அதன் அடியில் என்பது தல புராணம். பிராகாரத்தில் புன்னைவனநாதர் சந்நிதியும் இருக்கிறது. ஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்திலும் புன்னை வருகிறது. கடற்கரை மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் என்றே பிறந்த மரம். வெள்ளை இதழும் நடுவிலே பொன் நிற மகரந்தமுமாகப் பூக்கும். வருஷத்தில் ஒரு தடவைக்கு மேலும் பூக்கும், வஸந்தத்துக்கென்று காத்திராது. வளர்ச்சி மட்டும் மிகவும் மெதுவு. பேரன் ஊஞ்சல் கட்டுவதற்காகத் தாத்தா நட வேண்டிய மரம்.

இதற்கு மாறாக, விரைவில் வளர்ந்து கண்ணைப் பறிக்கும் மரங்களைத்தான் நகரத்தார் அதிகம் விரும்பினார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மயிற்கொன்றை வைகாசியில் தீப்பிடித்தாற்போல் சிவக்கும். அழகுதான், மறுப்பவர் யார்? ஆனால் 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, மறுநாள் காலையில் தெருக்களை அடைத்துக் கொண்டு விழுந்து கிடந்தவற்றில் மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். மரங்களில் சுதேசி, பரதேசி என்று பார்ப்பது நமக்கு முழுச் சம்மதமான காரியம் அல்ல. இருந்தாலும், இந்தக் கரையின் காற்றை எத்தனையோ தலைமுறையாய்ப் பழகிய மரத்துக்கு முதல் இடம் கொடுப்பதில் தவறில்லை.

புயலாவது பல வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. தினமும் வரும் ஆபத்து வேறு. தியாகராய நகர் 1920-களில், மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்த நிலத்தில் எழுந்த பேட்டை. வீட்டைச் சுற்றித் தோட்டம் விட்டுக் கட்டினார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. இரண்டு மூன்று கிரவுண்டில் ஒரு வீடு, வாசலில் ஒரு கொன்றை, பின்னால் மா, வேம்பு, தென்னை. இன்று அந்த வீடுகள் ஒவ்வொன்றாய் அடுக்கு மாளிகை ஆகின்றன. குடும்பங்கள் பெருகும்போது வேறு வழியில்லை என்பதையும் நாம் அறிவோம். நம் தெருக்கோடியில் சகோதரர்கள் மூவர் வீட்டை விற்றார்கள். வாசலில் இருந்த கொன்றையைப் பங்குனிக் கடைசியில், மொட்டு விட்டிருந்தபோது, காலை ஏழு மணிக்குள் வெட்டி முடித்து விட்டார்கள். வருஷந்தோறும் அந்தப் பூவைத்தான் நம் வீட்டுக் குழந்தைகள் கனிக்குக் கேட்டு வாங்கி வருவார்கள். அவ்வருஷம் கடைக்குப் போனார்கள்.

மல்லிகை ரகசியம் சொன்ன மாமியின் வீடும் இடிபடத்தான் செய்தது. ஆனால் மாமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு நிபந்தனை வைத்தார்: ஈசான்ய மூலையிலுள்ள மகிழமரத்தைத் தொடக் கூடாது. கட்டுகிறவர், கார் நிறுத்தும் இடம் குறையும் என்று வரைபடத்தைக் காட்டினார். "காரை இன்னொரு பக்கம் நிறுத்தலாம், அப்பா. இந்த மரத்தை எந்தப் பக்கம் நிறுத்துவாய்?" என்றார் மாமி. வரைபடம் மாறியது. இப்போது அங்கே எட்டுக் குடித்தனம். முதல் வருஷம், சருகு விழுகிறது, பூ விழுகிறது, காரின் மேல் கறை படுகிறது என்று கூட்டத்தில் புகார் எழுந்ததாம். மாமி ஒன்றும் பேசாமல், உதிர்ந்த மகிழம்பூவை நூலில் கோத்து எட்டு வீட்டுக்கும் ஒவ்வொரு சரம் அனுப்பினார். மகிழம்பூ வாடிக் காய்ந்த பிறகும் மணக்கும் என்பது தெரிந்ததே. அலமாரிகளில் அது கிடந்த வரையில் புகார் வரவில்லை. மறு வருஷம் குழந்தைகளே பொறுக்க வந்து விட்டார்கள்.

மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முற்றத்துக்குச் சிமெண்டு போடும்போது அடிமரத்தை ஒட்டிப் பூசி விடாதீர்கள். சுற்றிலும் ஒரு கை நீளமாவது மண் தெரிய விடுங்கள், மழைநீர் இறங்கட்டும். உதிர்ந்த இலையை எரிக்காமல் அந்த மண்ணின் மேலேயே பரப்பி விடுங்கள். கொன்றை விதை போடுகிறவர்கள், அதன் கெட்டியான தோலை உப்புத்தாளில் சற்றுத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கணக்கில் தூங்கும்.

நெட்டிலிங்கங்களில் ஒன்றை எடுத்து விட்டு, அந்த இடத்தில் நாமும் அப்படி ஒரு விதை போட்டோம். விதை வெட்டுண்ட மரத்தினுடையது; அதன் காய் ஒன்றைக் குழந்தைகள் விளையாட்டுச் சாமானோடு வைத்திருந்தார்கள். இப்போது மதில் உயரம் வந்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டு, புழுக்கள் பாதி இலையைத் தின்று விட்டன. மருந்து அடிக்கலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.