வரவின் நடையும் வீட்டுக் கணக்கும்

வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதத் தொடங்குவார் பலர்; தையில் தொடங்கிய ஏட்டைப் பங்குனி வரையேனும் விடாது எழுதுவார் சிலர். எழுதாது விட்டவரை மடியர் என்று பழித்தல் எளிது. யாமும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம்மில்லத்து ஏடு ஒன்று பாதியில் நின்றுபோன காரணத்தை ஆராய்ந்த பின்னரே, குற்றம் எழுதினாரிடத்து அன்று, ஏட்டிற் கீறிய கோடுகளிடத்தே என்பது புலனாயிற்று. அதனை இயன்ற அளவு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம்மூர் சேலம் மாவட்டத்து மேச்சேரி. 1934 இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை அணித்தே உளதாயினும், அங்குத் தேங்கும் காவிரி நீர் பெரும்பாலும் கீழ்நாட்டு வயல்களை நாடிச் செல்வது. எம்மூர்ப் புறத்து மேட்டு நிலங்களோ வானம் பார்த்திருப்பன. ஆதலின் ஒரு தொழிலையே நம்பிக் குடித்தனம் நடத்துதல் இங்கு அரிது. எம்மில்லத்தையே எடுத்துக்கொள்வோம். தந்தையார் விசைத்தறியிற் கூலிக்கு நெய்பவர். சனிக்கிழமைதோறும் கூலி வரும். நெய்த அளவுக்கே கூலியாதலின், மின்சாரம் நின்றாலும் பாவு வரத் தாழ்ந்தாலும் அது சுருங்கும். அன்னையார் ஆறேழு ஆடுகள் வளர்க்கின்றார். ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மேச்சேரி ஆடு அது: செம்பழுப்பு நிறம், குட்டை மயிர், கிடாய்க்கும் கொம்பில்லை. கம்பளி தாராது, இறைச்சிக்கும் தோலுக்குமே பெயர் பெற்றது. இவ்வினத்துக்கெனப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மூன்றாம் வரவு, 2023 செப்டம்பர் 15 இல் அரசு தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. மாதம் 1,000 ரூபாயாக அஃது அன்னையார் பெயருக்கு வந்தது.

யாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், வணிகவியல் பயிலும் நண்பர் ஒருவர் ஒரு முறையைக் கூறினார். அமெரிக்க நாட்டுச் சட்டப் பேராசிரியராயிருந்த எலிசபெத் வாரன் என்பாரும் அவர்தம் மகள் அமேலியா வாரன் தியாகியும் 2005 இல் வெளியிட்ட நூலால் அது பரவிற்று. வரி போக நின்ற வருவாயில் நூற்றுக்கு 50 பங்கு இன்றியமையாச் செலவுக்கு, 30 பங்கு விருப்பச் செலவுக்கு, 20 பங்கு சேமிப்புக்கும் கடன் அடைத்தற்கும் என்பதே அம்முறை. கேட்ட அன்றே மனம் கொண்டோம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு மாதமாகக் கோடு கீறி, அன்னையார் கையிற் கொடுத்தோம். கற்ற மகவின் பெருமிதம் எமக்கு அப்போது சிறிது மிகுதியாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் மாதம் கணக்கு நேராயிற்று. இரண்டாம் மாதத்தில் தறி பன்னிரண்டு நாள் ஓடவில்லை. இருபது பங்கென ஒதுக்கிய பணம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் சென்றது. அதனை அடுத்தே எமது பருவக் கட்டணத்துக்குரிய நாள் வந்துற்றது. விற்கும் பருவத்துக் குட்டி மந்தையில் இல்லை. அன்னையார் சினையாடு ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று, வாங்குவோன் சொன்ன விலைக்கே விற்று வந்தார். ஏட்டில் யாம் அதனை 'வரவு' என்று எழுதினோம். அன்னையார் எட்டிப் பார்த்து, “வரவா? ஆடு மாசக் கணக்குல மேயாது, கண்ணு” என்றார். அதன்பின் அந்நோட்டில் ஒருவரும் எழுதவில்லை.

அம்முறை பிழையுடையதோ எனின், அன்று. மாத முதல் நாளில் ஒரே தொகையாகச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் அது மிகப் பொருந்தும். இப்பக்கங்களைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அதனாற் பயன் பெறலாம். ஆயின் அது ஒன்றை முன்னரே கொண்டு தொடங்குகின்றது: வரவு ஒரு நாளில் வரும், அடுத்த மாதமும் அவ்வளவே வரும் என்பதே அது. கூலிக் குடிக்கு அவ்வுறுதி இல்லை. வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றை ஏறத்தாழ ஓராண்டளவு அடிக்கடி சென்று கண்டு, அவற்றின் பணப் போக்கை நாட்குறிப்பாக எழுதிய ஆராய்ச்சி ஒன்று 2009 இல் நூலாயிற்று. டேரில் காலின்ஸ் முதலிய நால்வர் அதனை ஆக்கியோர். வறியோர்க்கு வருவாய் சிறிதாயிருத்தலே இடர் என்று நாம் நினைக்கின்றோம்; எப்போது வரும் என்று அறியலாகாமை மற்றோர் இடர் என்பதை அவர்கள் தெளிவாகக் காட்டினர். அக்குடும்பங்கள் சேமிக்காமலும் இல்லை. சிறிது சிறிதாகப் பலவிடங்களில் வைத்தும், கொடுத்தும், வாங்கியும் பணத்தை ஓயாது கையாண்டுகொண்டே இருந்தனவாம்.

தமிழ் பயில்வார்க்கு இங்கு ஒன்று நினைவு வரும். வருவாயின் வழி சிறிதாயினும் செலவின் வழி விரியாதாயின் தீங்கில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் பொருள் செயல்வகையில் வைத்தாரல்லர். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைமேற் செல்லும் வேந்தன் தன் வலியை அளந்தறிவதைக் கூறுமிடத்தே வரவு செலவும் வந்தது. வீட்டுக் கணக்கும் அத்தகைய அளத்தலே. அவர் வழியின் அகலத்தைக் கூறினார்; எம் போன்றோர் அவ்வழியே வரவு எந்நாள் வரும் என்பதையும் உடன் அளத்தல் வேண்டும்.

நிற்க. ஏடு நின்றபின் அன்னையார் பழையபடி தம் முறையையே நடத்தினார். அதனை முறையென்று யாம் முன்பு மதித்ததில்லை. உற்று நோக்கியபோதுதான் அதன் ஒழுங்கு தெரிந்தது. வாரக் கூலி வாரச் செலவுக்கு மட்டுமே: சந்தைக் காய்கறி, எண்ணெய், பேருந்துக் கட்டணம். கூலி குறைந்த வாரத்தில் சந்தைப் பையும் குறையும்; அதற்கு மேல் அக்குறை பரவாது. மாதத் தொகை மாதத்தில் ஒரு முறை வரும் செலவுக்கு: எரிவாயு உருளை, சீட்டு. ஆட்டு வரவு ஆண்டில் ஓரிரு முறை வரும் பெருஞ்செலவுக்கு: எமது கட்டணம், கூரை ஓடு, கிறிஸ்துமஸ் துணி. ஒவ்வொரு செலவும் தன் நடைக்கொத்த வரவோடு பிணைக்கப்பட்டிருந்தது. யாம் மூன்றையும் ஒரு குடத்தில் ஊற்றிப் பங்கிட முயன்றதே தவறு.

ஆட்டுக் கணக்கு நம் ஏட்டுக் கணக்கினும் நீண்டது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். குட்டி விற்பனைக்கு வளர எம் வீட்டு வழக்கப்படி ஆறு மாதம். ஆகவே ஜூன் மாதக் கட்டணத்துக்குரிய குட்டி மே மாத இறுதியில் விலைபோக வேண்டுமாயின், அது முந்திய நவம்பர் இறுதியில் பிறந்திருத்தல் வேண்டும்; தாயாடு அதற்கு முந்திய ஜூன் இறுதியிலேயே கிடாயோடு சேர்ந்திருத்தல் வேண்டும். ஒரு கட்டணம் செலுத்திய கையோடே அடுத்த ஆண்டின் கட்டணத்துக்கு ஏற்பாடு தொடங்குகின்றது! இதற்கிடையே பக்ரீத் பண்டிகையை ஒட்டி விலை ஏறும். அப்பண்டிகையோ ஆண்டுக்குப் பதினொரு நாளளவு முன்தள்ளி வருவது. இவ்வளவையும் அன்னையார் எழுதாமலே நினைவில் வைத்திருக்கின்றார்.

சீட்டுப் பற்றி மாத்திரம் எமக்கும் அவருக்கும் இன்னும் வழக்குண்டு. ஏலச்சீட்டின் இயல்பு இது: இருபதின்மர் மாதம் 500 ரூபாய் இட்டால் 10,000 திரளும். அவசரமுடையார் ஒருவர் 2,000 தள்ளி 8,000 பெற்றுக்கொள்கின்றார் என்க. நடத்துவோர் 500 எடுத்துக்கொண்டால், எஞ்சிய 1,500 இருபதின்மர்க்கும் ஆளுக்கு 75 ஆகப் பகிரப்படும். தாமே சேமிக்கவியலாதாரைச் சேமிக்கச் செய்தலில் இதற்கு நிகரில்லை என்பது அன்னையார் கட்சி. 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தல் வேண்டும். தெருவில் வாய்ச்சொல்லால் நடப்பவை பதிவற்றவை. நடத்துவோர் ஓடிப்போயின் கேட்பாரில்லை என்பது எமது கட்சி. இப்போது அவர் பாதித் தொகையை அஞ்சலகத்திற் போடுகின்றார். அவ்வளவில் உடன்பாடு.

தம் இல்லத்துக்கு இசைந்த முறையைத் தேடுவார்க்கு எமது பட்டறிவிலிருந்து ஒன்று கூறுவோம். செலவை எழுதுமுன் வரவை எழுதுக. தொகையினும் நாளை முதன்மையாக எழுதுக. இரண்டு மாதம் எழுதினால் அதன் நடை விளங்கும். வீட்டிலிருந்து மாதம் ஒரு முறை பணம் பெறும் விடுதி மாணவர்க்கு இடர் வேறு: வரவு மாதத்துக்கு ஒன்று, செலவு நாள்தோறும். அவர் அதனை நான்கு உறையிலிட்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தலே நன்று. கடைசி உறையை முதல் வாரத்திலே பிரித்த நண்பரை யாம் அறிவோம், பெயர் கூறோம்.

பழைய நோட்டில் எஞ்சிய பக்கங்களை வீணாக்கவில்லை. மாதக் கோடுகளை அடித்துவிட்டு வாரம், மாதம், ஆடு என்று மூன்று பகுதியாக்கியிருக்கின்றோம். சென்ற கார்த்திகையில் மூன்று குட்டிகள் பிறந்தன. இரண்டு கிடாய்க் குட்டிகளும் எமது கட்டணத்துக்கு நேரே எழுதப்பட்டுள்ளன. மூன்றாவதற்கு நேரே அன்னையார் ஒன்றும் எழுத விடவில்லை. அது பெட்டையாம், மந்தையில் நிற்குமாம்.