விரலுக்கேற்ற வீக்கம், உடலுக்கேற்ற மிதிவண்டி

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பார்கள் நம் பெரியோர். வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. மிதிவண்டி வாங்குவதற்கும் அது பொருந்தும் என்பதை 250 வெள்ளி இழந்த பிறகே நான் கற்றுக்கொண்டேன். சாலை மிதிவண்டி வாங்க ஆசைப்படும் மாணவ நண்பர்களுக்கு அந்த இழப்பு நேராமல் இருக்கட்டும் என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பருவ விடுமுறையில் வேலை செய்து 1,500 வெள்ளி சேர்த்திருந்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர் தம்முடைய பழைய வண்டியை 900 வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். பளபளப்பான வண்டி. சட்டத்தின் அளவு 56. என் உயரமோ 165 சென்டிமீட்டர்.

"கொஞ்சம் பெருசா இருக்கே அண்ணே?"

"சீட்டை இறக்கிட்டா சரியாயிடும் தம்பி."

நம்பி வாங்கினேன். முதல் வாரம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதன் பிறகு, 15 கிலோமீட்டர் தாண்டினாலே கழுத்து வலிக்கத் தொடங்கியது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயின. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த மறுநாள், விரிவுரையில் பேனா பிடிக்கவே சிரமப்பட்டேன். அன்று மாலையே வண்டியைச் சைக்கிள் கடைக்கு உருட்டிச் சென்றேன். கடைக்காரச் சீனப் பெரியவர் என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். ஒரே பார்வை பார்த்துவிட்டு, "சாலா சைஸ்" என்றார். அளவே தவறு என்று பொருள். அந்த வண்டியை 650 வெள்ளிக்குத்தான் விற்க முடிந்தது.

உயரம் வேறு, நீளம் வேறு

அண்ணன் சொன்னதில் பாதிதான் உண்மை. இருக்கையை ஏற்றி இறக்கலாம். அதனால் கால்களுக்கு மட்டுமே தீர்வு கிடைக்கும். இருக்கையிலிருந்து கைப்பிடி வரையுள்ள நீளத்தைப் பெரும்பாலும் சட்டம்தான் தீர்மானிக்கிறது. சட்டம் நீளமாக இருந்தால் நாம் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். உடலின் பாரம் உள்ளங்கைகளில் இறங்கும். அங்குள்ள நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப் போகும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

கைப்பிடியைச் சட்டத்தோடு இணைக்கும் குட்டைத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். இதை மாற்றி ஓரிரு சென்டிமீட்டர் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வண்டியைத் திருப்பும் விதமே மாறிவிடும். இருக்கையை முன்னே தள்ளியும் ஈடுகட்டக் கூடாது. பெடலுக்கு நேரே முழங்கால் இருக்க வேண்டிய இடம் கெட்டுவிடும்.

சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 52 இன்னொரு நிறுவனத்தின் 50 போல இருக்கலாம். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் ரீச், ஸ்டாக் என்ற இரண்டு அளவுகளைப் பாருங்கள். பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சட்டத்தின் தலைக்குழாய் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். வெவ்வேறு நிறுவன வண்டிகளை இவற்றைக் கொண்டு நியாயமாக ஒப்பிடலாம்.

வீட்டிலேயே அளக்கலாம்

காலணி இல்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, இருக்கையில் அமர்வது போல மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை உள்ள தூரமே உங்கள் உட்கால் நீளம். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் இக்கணக்கு அறியப்படுகிறது. என் உட்கால் 75 சென்டிமீட்டர், விடை 66.2. பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும்.

இது தொடக்கப் புள்ளிதான். பிறகு குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம். இடுப்பு இருபுறமும் ஆடினால் அது மிக உயரம். இருக்கைத் தண்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்த வேண்டியிருந்தால், அந்தச் சட்டம் உங்களுக்குச் சிறியது.

அடுத்து, ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிகளின் ரப்பர் உறை மீது கைகளை வையுங்கள். முழங்கைகள் லேசாக மடங்கி, தோள்கள் தளர்ந்திருந்தால் நல்லது. கைகள் விறைத்து நீண்டால் வண்டி நீளம் என்று பொருள். பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் 1,500 வெள்ளி இருந்தால் 1,000 வெள்ளிக்கு மேல் வண்டிக்குப் போடாதீர்கள். தலைக்கவசம், விளக்குகள், காற்றடிக்கும் பம்ப், மாற்று டியூப் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 250. பழைய வண்டியின் பராமரிப்புக்கு 150. மீதி 100 ஸ்டெம் போன்றவற்றை மாற்ற.

பழைய வண்டி என்றால் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றி, அது கோணலாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். கார்பன் சட்டத்தில் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் முதல் வண்டிக்கு அலுமினியமோ எஃகோ போதும். பழைய வண்டிகளில் அதிகம் காணப்படும் ஷிமானோ கியர் வரிசைகளில் கிளாரிஸ் 8 பற்சக்கரங்களும், சோரா 9 பற்சக்கரங்களும், தியாக்ரா 10 பற்சக்கரங்களும் கொண்டவை. தொடங்குபவருக்குக் கிளாரிஸே தாராளம். கியரைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். சட்டத்தை மாற்ற முடியாது.

இப்போது நான் ஓட்டுவது 800 வெள்ளிக்கு வாங்கிய பழைய வண்டி. வண்ணம் உரிந்திருக்கிறது, கியர் கிளாரிஸ்தான். ஆனால் அளவு 50. அதே பெரியவர் 40 வெள்ளிக்கு ஸ்டெம்மை மாற்றித் தந்தார். சென்ற மாதம் 60 கிலோமீட்டர் ஓட்டினேன். விரல் மரக்கவில்லை.

டுங்குனில் பிறந்த நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கை 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று அழைப்பார்கள். சிறிய உருவம். அவர் 2017இல் கெய்ரின் பந்தயத்தில் உலக வெற்றியாளரானார். ஓடுதளப் போட்டியாளரான அவரைப் போல நாம் வேகமாக ஓட்டப் போவதில்லை. ஆனாலும் உருவம் சிறியதென்று யாரும் தயங்க வேண்டியதில்லை. வண்டி நம் உருவத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

நண்பர்களே, வண்டி வாங்கப் போகும்போது பணத்தை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். உங்கள் உட்கால் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.