பொருளியல் ஆராய்ச்சியும் இணையத் தரவுத்தளங்களும்



பொருளியலில் ஆராய்ச்சி செய்யப் புகுந்த மாணவன் முன்னாளிலே கொழும்புக்கோ பேராதனைக்கோ பயணஞ் செய்து, தடித்த ஆண்டறிக்கைகளிலிருந்து எண்களைக் கையாற் பெயர்த்தெழுதினான். இன்று அவ்வெண்கள் அவன் இருக்குமிடத்திற்கே வருகின்றன. உலக வங்கி தன் புள்ளிவிபரத் தொகுதிகளை 2010ஆம் ஆண்டில் யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. எமது மத்திய வங்கியும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களமும் தத்தம் அட்டவணைகளை இணையத்தில் வெளியிடுகின்றன.

கட்டுரைகளைத் தேடுவோர்க்கு, 1997இல் தொடங்கித் தொண்டர்களால் நடத்தப்பெறும் 'றீபெக்' என்னுந் தளம் பெருந்துணையாகும். சஞ்சிகையில் வந்த கட்டுரைக்குக் கட்டணங் கேட்கப்படினும், அதன் முன்வரைவு அங்கே இலவசமாய்க் கிடைத்தல் கூடும். முன்வரைவின் முடிபும் அச்சேறிய கட்டுரையின் முடிபும் சிலவேளை வேறுபடும். எதனைப் படித்தோமென்று குறித்துவைத்தல் வேண்டும்.

எண்களைக் கையாளுவதிலேதான் பெரும் இடர் உண்டு. நைஜீரியாவைப் பாருங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணிக்கும் அடியாண்டை அந்நாடு 2014 ஏப்ரிலில் 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. 2013ஆம் ஆண்டுக்கெனச் சொல்லப்பட்ட 270 பில்லியன் டொலர், ஏறத்தாழ 510 பில்லியனாயிற்று. தென்னாபிரிக்காவை விஞ்சிய பொருளாதாரம் எனும் பெயரும் ஒரே நாளிற் கிடைத்தது. எந்த வயலிலும் அன்று ஒரு மூடை நெல் கூடுதலாய் விளைந்ததில்லை. கைத்தொலைபேசிச் சேவை, திரைப்படத் தொழில் முதலியன பழைய கணக்கிற் சரிவர இடம்பெறாதிருந்தன. புதிய கணக்கில் இடம்பெற்றன, அவ்வளவே.

பழைய அட்டவணையில் 2012க்குரிய எண்ணையும் புதியதில் 2013க்குரிய எண்ணையும் அடுத்தடுத்து வைக்கும் மாணவனுக்கு, ஓராண்டிலே ஒரு நாடு இரட்டித்த அதிசயம் தோன்றும். கணினி அவனைத் தடுக்காது; அழகிய வரைபடமே வரைந்து கொடுக்கும். உற்பத்தி பெருத்ததாகக் காட்டப்படின், கடன் ஒரு சதமேனுங் குறையாமலே கடன் விகிதம் இறங்கிவிடும். அவ்விகிதத்தை வைத்து அரசுகள் வரியும் செலவும் தீர்மானிக்கின்றன. எமது நாட்டிலும் அடியாண்டு 2010 ஆகவும், பின்னர் 2015 ஆகவும் மாற்றப்பட்டதென்பதை மறத்தலாகாது.

கணக்கு வகுப்பில் அலகில்லாத விடைக்குப் புள்ளி குறைக்கிறோம். தரவுத்தளத்து எண்ணுக்கும் அதுவே நியாயம். ஒவ்வோர் அட்டவணையோடும் விளக்கக் குறிப்பொன்று இணைந்திருக்கும். பெரும்பாலோர் அதனைத் திறப்பதேயில்லை. அடியாண்டு யாது, நடைமுறை விலையா நிலையான விலையா என்பவற்றை அங்கே பார்த்தெழுதுக. எண்ணைப் பெற்ற திகதியையும் சேர்த்தெழுதுக. உலக வங்கி தன் தொகுதிகளை இடைக்கிடை திருத்துகின்றது. ஆயினும் பழைய பதிப்புகளையும் பேணி வைத்திருப்பதால், திகதி தெரிந்தவன் தான் முன்பு கண்ட எண்ணை மீண்டுந் தேடிப் பெறலாம்.